காரைக்குடிப் பக்கம் உயில் எழுத நல்ல வக்கீலை எப்படித் தேடுவது?

கேட்டவர்: கண்டனூர் மகள்

அப்பச்சிக்கு (என் அப்பாவுக்கு) 81 வயது. நான் கோயம்புத்தூரில், தம்பி சிங்கப்பூரில். ஆத்தா (அம்மா) போன வருடம் தவறிய பிறகு, "உயிலை எழுதிவிட்டால் நிம்மதியாகத் தூங்குவேன்" என்று ஞாயிறுதோறும் போனில் சொல்கிறார்கள்.

செக்காலையில் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய மனை, பேங்க் டெபாசிட், வெள்ளி பித்தளைச் சாமான்கள். இவற்றில் குழப்பம் இல்லை. குழப்பமெல்லாம் ஊர் வீட்டில்தான். இப்போது பங்காளிகள் பதினொரு பேர். வளவில் (முற்றத்தைச் சுற்றிய உள்கட்டில்) இரண்டு உள்வீடு (அறைகள்) எங்களுடையது என்பது எல்லாருக்கும் தெரியும். அது எந்தக் காகிதத்தில் இருக்கிறது என்பதுதான் தெரியவில்லை. போதாததற்கு, அப்பச்சியின் தம்பி வேறு வீட்டுக்குப் பிள்ளை கூட்டிப் போனவர், அதாவது தத்துப் போனவர். அவர் பிள்ளைகளுக்கு இதில் பங்கு உண்டா?

போன மாதம் தெரிந்தவர் சொன்ன ஒரு வக்கீலிடம் போனோம். அவர் ஒரு பத்திரம்கூடக் கேட்கவில்லை. "வீடு முழுவதும் என் மகனுக்கு" என்று ஒரு பக்கம் அடித்துக் கொடுத்தார். மகளுக்கும் பாதி என்று அப்பச்சி சொன்னதற்கு, "பொம்பளைப் பிள்ளைக்கு வீட்டில் என்ன, நகையை எழுதுங்க" என்றார். அப்பச்சி எழுந்து வந்துவிட்டார்கள். வீடு சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

பங்கின் விலை எனக்குப் பெரிதில்லை. ஆத்தா பொங்கல் வைத்த வாசல் அது. அப்பச்சி நினைத்தது நினைத்தபடி எழுத்தில் வர வேண்டும். தம்பிக்கும் அதில் முழுச் சம்மதம். யாரிடம் போகலாம், எதைப் பார்த்து ஆளை முடிவு செய்யலாம், சொல்லுங்கள்.

பதில்: தேவகோட்டைக்காரன்

ஆச்சி, வணக்கம். வக்கீல் குமாஸ்தாவாக 31 வருடம் இருந்தவன் நான்.

வக்கீல்கள் விளம்பரம் செய்யக்கூடாது என்பது பார் கவுன்சில் விதி. அதனால் நெட்டில் தேடுவதைவிட, காரைக்குடி கோர்ட்டிலோ எங்கள் தேவகோட்டை கோர்ட்டிலோ போய், பாகப்பிரிவினை வழக்கு அதிகம் நடத்துகிறவர் யார் என்று கேளுங்கள். உயில் எங்கே உடைகிறது என்று பார்த்தவருக்குத்தான் உடையாத உயில் எழுதத் தெரியும். உங்கள் பங்காளி யாருக்காவது ஆஜரானவர் என்றால் வேண்டாம்.

"யாருக்கு எழுத வேண்டும்?" என்று தொடங்குகிறவரைவிட, "மூலப்பத்திரம், பாகப்பத்திரம் இருக்கா? ஐயா (அப்பச்சியின் அப்பா) எந்த வருடம் தவறினார்கள்?" என்று கேட்கிறவரை நம்புங்கள். காரணம் இருக்கிறது. 1956 வாரிசுச் சட்டத்துக்கு முன்னால் இறங்கிய சொத்தா, பின்னால் இறங்கியதா என்பதை வைத்து, அப்பச்சி உயிலில் எழுதக்கூடிய பங்கின் அளவே மாறலாம். பூர்வீகச் சொத்து என்று ஆனால் 2005 திருத்தப்படி மகளுக்கும் மகனைப் போலவே பிறப்பிலேயே பங்கு உண்டு. 2020இல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்துவிட்டது. எப்படி ஆனாலும் அப்பச்சி தம் பங்கை மட்டும்தான் எழுத முடியும். அது பிரிபடாத பங்காக இருந்தாலும் எழுதலாம். "வீடு முழுவதும்" என்று எழுதுவது தப்பு.

பிள்ளை கூட்டிய விஷயத்திலும் தேதிதான் பேசும். போன பிறகு பிறந்த வீட்டுச் சொத்தில் புதிதாக உரிமை வராது. ஆனால் போவதற்கு முன்பே அவருக்கு வந்து சேர்ந்த பங்கு அவருடையதுதான். தத்துச் சட்டத்திலேயே அப்படி இருக்கிறது.

சாட்சிகள் இரண்டு பேர் கட்டாயம். பங்கு வாங்குகிறவர்கள் வேண்டாம். வயதில் இளையவர்களாகவும் பாருங்கள். பின்னால் தகராறு வந்தால் அவர்களில் ஒருவராவது கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டும். நல்ல மனதோடு எழுதிய ஒரு உயில், சாட்சிகள் இருவரும் காலமாகிவிட்டதால், கையெழுத்தை நிரூபிக்கவே நாலு வருடம் இழுத்ததை நான் கண்ணால் பார்த்தேன். அந்த அம்மா கோர்ட் வாசலில் உட்கார்ந்திருந்தது இன்னும் மறக்கவில்லை.

பதிவு கட்டாயமில்லை, ஆனால் செய்துவிடுங்கள். முத்திரைத்தாள் தேவையில்லை. அப்பச்சிக்கு நடக்க முடியாவிட்டால் மனுக் கொடுத்து சார்பதிவாளரை வீட்டுக்கே வரவழைக்கலாம். அன்றைய தேதியில் டாக்டர் சர்டிபிகேட் ஒன்றும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பதில்: கோட்டையூர் மருமகள்

எங்கள் மாமனாருக்கு எழுதிய வக்கீல் முதல் நாளே எங்கள் எல்லாரையும் முகப்பில் உட்கார வைத்துவிட்டு அவரிடம் மட்டும் ஒரு மணி நேரம் பேசினார். அன்றைக்குக் கோபம் வந்தது. பிள்ளைகள் சொல்லித்தான் எழுதினார் என்று யாரும் பின்னால் சொல்லக்கூடாதே, அதற்குத்தான் என்று பிறகு புரிந்தது. ஆச்சி, நீங்களும் வெளியில் இருங்கள்.

ஃபீஸை முதலிலேயே பேசிவிடுங்கள். வெள்ளிச் சாமானை "எல்லாம்" என்று எழுதாமல் உருப்படி உருப்படியாக எடையோடு எழுதுங்கள். எங்களுக்குள் சண்டை வந்தது ஒரு குத்துவிளக்கை வைத்துத்தான், வீட்டை வைத்து இல்லை.

கேட்டவர்: கண்டனூர் மகள்

ரெண்டு பேருக்கும் நன்றி. தேவகோட்டை அண்ணன் சொன்ன கேள்வியை அப்படியே அப்பச்சியிடம் கேட்டேன். ஐயா தவறியது 1959. சித்தப்பாவைப் பிள்ளை கூட்டியது 1964. அப்பச்சி கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "அப்படின்னா அவன் பங்கு அவனுக்குத்தான். அதைத் தொடாமல் எழுதச் சொல்லு" என்றார்கள். இரும்புப் பெட்டியில் பழைய பத்திரக் கட்டு இருக்கிறதாம். சனிக்கிழமை ஊருக்குப் போய் எடுக்கிறேன், திங்கட்கிழமை தேவகோட்டை கோர்ட்டுக்கு வருகிறேன்.