கொன்றைக் கன்றும் பைக்குள் சுருண்ட வேரும்

தாம்பரத்துக்குத் தெற்கே உள்ள எங்கள் வீட்டின் முன்புறத்தில் ஒரு சரக்கொன்றை வளர வேண்டும் என்பது என் மனைவியின் நெடுநாள் விருப்பம். 2016 ஜூலையில் நாற்றுப்பண்ணைக்குச் சென்ற நான், விரைவில் பூத்துவிடும் என்ற பேராசையில், அங்கிருந்தவற்றிலேயே உயரமான ஏழடிக் கன்றைத் தேர்ந்தெடுத்தேன். பையைக் கிழித்து, மண்கட்டி உடையாமல் அப்படியே குழியில் இறக்கி மூடினேன். புதுத் தளிர்கள் வந்ததால் எல்லாம் சரியாக நடப்பதாகவே நம்பினேன்.

அவ்வாண்டு டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் கன்று சாய்ந்தது. தெருவில் பெரிய மரங்களே விழுந்து கிடந்ததால் அதில் வியப்பில்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் தூக்கி நிறுத்த முயன்றபோது அது வேரோடு கையில் வந்துவிட்டது. ஐந்து மாதங்கள் மண்ணில் இருந்தும் வேர்கள் பையின் வடிவத்தை விட்டு வெளியேறவில்லை; ஆணிவேர் பையின் அடியில் முட்டித் திரும்பி, சுருட்டி வைத்த கயிறு போலத் தன்னைத்தானே சுற்றிக்கொண்டிருந்தது. நெடுங்காலம் பையிலேயே கிடந்து முற்றிய கன்றை, உயரத்தைப் பார்த்து நான் வாங்கியிருக்கிறேன்.

2017 ஐப்பசியில், பருவமழை தொடங்கிய வாரத்தில், முழங்கால் உயரக் கன்று ஒன்றை வாங்கினேன். இரண்டடி ஆழ அகலத்தில் குழி வெட்டி, சில நாள் ஆறவிட்டு, மேல்மண்ணுடன் மக்கிய தொழு உரத்தையும் கரையானுக்காக இரண்டு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கையும் கலந்தேன். அடியில் வளையத் தொடங்கியிருந்த வேர்நுனிகளைக் கத்தரித்து, தண்டும் வேரும் சேருமிடம் தரைமட்டத்தில் இருக்குமாறு நட்டேன். முதல் கோடையில், நாள்தோறும் ஒரு சொம்பு ஊற்றுவதைக் காட்டிலும், வாரம் இருமுறை தண்டிலிருந்து ஓரடி தள்ளி வட்டப்பாத்தியில் இரண்டு குடம் நீர் விடுவதே வேரை ஆழத்துக்கு இழுத்தது என்பது என் கணிப்பு.

ஒரு மார்ச் மாதத்தில் இலை முழுவதும் உதிர்ந்ததும் பக்கத்து வீட்டுப் பெரியவர், "பட்டுப்போச்சு தம்பி, வெட்டிடுங்க" என்றார். பட்டையை நகத்தால் இலேசாகச் சுரண்டினேன்; உள்ளே பச்சை இருந்தது. கோடையில் இலையுதிர்ப்பது கொன்றையின் இயல்பு. மற்றொரு முறை பச்சைப் புழுக்கள் தளிரை மொட்டையடித்தன. மஞ்சள் கலந்த வெள்ளை வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள் அவை. மருந்து அடிக்கவில்லை, மூன்று வாரத்தில் மீண்டும் துளிர்த்தது. 2023 மே மாதத்தில் முதன்முதலாக நான்கு சரங்கள் தொங்கின.

மறுமொழி: ஐயா, வேரைப் பற்றித் தாங்கள் எழுதியதோடு கயிற்றைப் பற்றியும் நான் சேர்க்க வேண்டும். கோவையில் எங்கள் வீட்டு மந்தாரைக் கன்றை மூங்கில் கழியோடு நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டி, ஓராண்டு கவனிக்காமல் விட்டுவிட்டோம். தண்டு பருத்தபோது கயிறு பட்டைக்குள் புதைந்து, அதற்கு மேற்பட்ட பகுதி முழுவதும் காய்ந்தது. கட்டுக்குக் கீழிருந்து துளிர்த்த கிளையே இன்று மரமாக நிற்கிறது. இப்போது வைத்த கன்றுக்குப் பழைய பருத்திப் புடவையைக் கிழித்து, காற்றில் தண்டு சற்று அசையும்படி எட்டு வடிவில் தளர்வாகக் கட்டியிருக்கிறேன். மாதம் ஒருமுறை அவிழ்த்துக் கட்டுகிறேன்.