மறு: ‘லெவல் டிபென்டன்ட்’ காதுக்காப்புக்குத் தமிழ்ச்சொல்

> ‘காதடைப்பான்’ போதுமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும்தான், ஐயா. ஆனால் அது பஞ்சுக்கும் நுரை உருளைக்குமான பெயர். நாம் பெயர் தேடும் கருவி பேச்சை அடைப்பதே இல்லை, பெருஞ்சத்தத்தை மட்டும்தான் அடைக்கும்.

இங்கே குன்னூர்ப் பக்கம் வெலிங்டனில், ராணுவத்தின் மெட்ராஸ் ரெஜிமென்டில் ஓய்வுபெற்றவர்கள் நிறைய. டீக்கடையில் சிலரோடு பேச அவர்களுக்கு வலப்பக்கம்தான் உட்கார வேண்டும். வலது தோளில் வைத்துச் சுடுபவருக்கு இடது காது குழல்வாய்ப் பக்கம் திரும்பியிருக்கும். வலது காது தலைமறைவில் ஓரளவு தப்பும். ரைபிள் வெடி சுடுபவர் காதருகே 150 டெசிபெலைத் தாண்டும். திடீர்ச் சத்தத்துக்குப் பொதுவாகச் சொல்லும் வரம்பு 140. உட்செவியின் மயிரணுக்கள் ஒருமுறை செத்தால் மறுபடி முளைக்காது. ‘அப்போ ஏன் அடைச்சுக்கலை?’ என்றால், ‘உஸ்தாத் (பயிற்சி தருபவர்) சொல்றது கேக்கணுமே தம்பி’ என்கிறார்கள்.

அந்தச் சிக்கலுக்குத்தான் இந்தக் கருவி. ஒரு வகையில் மிக நுண்ணிய துளை: மெல்லிய பேச்சு நுழைந்துவிடும், வெடியின் அழுத்தம் பாயும்போது துளைக்குள் காற்று சுழன்று தானே தடையாகிவிடும். இன்னொன்றில் வெளியே மைக், உள்ளே ஸ்பீக்கர். வரம்பு மீறும் சத்தத்தை மின்சுற்று அமுக்கிவிடும். ‘ஒலிவடி’ என்றால் இரண்டாவதுக்குப் பொருந்தாது, ‘மின்செவிக்காப்பு’ என்றால் முதலாவது விட்டுப்போகும். என் ஓட்டு ‘மட்டுறு செவிக்காப்பு’க்கு. நம் குழு மட்டுறுத்துநர் செய்வதும் இதே வேலைதானே: பேசுகிறவரை விடுவார், கத்துகிறவரை அமுக்குவார். (கோபிக்க மாட்டார் என்று நம்புகிறேன்.)

— குன்னூரிலிருந்து

> என் ஓட்டு ‘மட்டுறு செவிக்காப்பு’க்கு.

சொல் நன்றாக இருக்கிறது, அண்ணா. ஒரு திருத்தம் மட்டும். நான் கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தொழிற்சாலையில் இருக்கிறேன். இலையை நறுக்கும் சிடிசி எந்திர உருளைகள் ஷிஃப்ட் முழுக்க ஒரே இரைச்சல். அதற்குத் துளை வகை உதவாது. வெடிக்கு எதிர்த்து நிற்கும் துளை, தொடர் இரைச்சலைப் பேச்சோடு சேர்த்து உள்ளே விட்டுவிடும். எங்களுக்கு நுரை உருளைதான் சரி. அதுவும் விரலால் மெல்லிசாக உருட்டி, மறு கையைத் தலைக்குமேல் கொண்டுவந்து காது மடலை மேலே இழுத்து, உள்ளே உப்பும்வரை பிடித்திருக்க வேண்டும். பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் பெயருக்குத்தான் காப்பு.

அதனால் ‘துளை மட்டுறு’, ‘மின் மட்டுறு’ என்று சொற்பட்டியலில் இரண்டு பதிவாகவே போடுங்கள். முதலாவதன் விளக்கத்தில் ‘வெடிச்சத்தத்துக்கு மட்டும்’ என்று கட்டாயம் இருக்கட்டும்.