டிஎஸ்எல் விளக்கு பச்சை, இன்டர்நெட் விளக்கு சிவப்பு: எந்த செட்டிங்கை மாற்றணும்?

திருவான்மியூர் வாசி
பழைய மோடம் போய்விட்டது, புது ஏடிஎஸ்எல் வைஃபை ரவுட்டர் மாட்டியிருக்கேன். டிஎஸ்எல் விளக்கு நிலையா பச்சை, இன்டர்நெட் விளக்கு சிவப்பு. ரவுட்டரின் செட்டிங் பக்கமான 192.168.1.1-இல் விபிஐ 8, விசிஐ 35, டைனமிக் ஐபி என்று இருக்கு. யூசர்நேம், பாஸ்வேர்ட் போட இடமே காணோம். படுக்கையறை எக்ஸ்டென்ஷன் போனில் மணி அடித்தால் டிஎஸ்எல் விளக்கும் மினுக்குது. இரண்டும் ஒரே கோளாறா?

செம்புக் கம்பி
இல்லை சார், வேறு வேறு. டிஎஸ்எல் விளக்கு நிலையா எரிந்தால் எக்ஸ்சேஞ்சில் இருக்கும் டிஎஸ்எல் கருவியான டிஎஸ்லாமோடு மோடம் கைகோத்தாச்சு. சிவப்புக்குக் காரணம் லாகின் நடக்காததுதான், அதற்காக ஒயரைப் பிரிக்காதீங்க.

விபிஐ, விசிஐ என்பவை லைனில் டேட்டா போகும் தடத்தைக் குறிக்கும் எண்கள். 8/35 என்பது ஆஸ்திரேலியா, இத்தாலி பக்கம் புழங்கும் எண். பிஎஸ்என்எல் லைன் என்றால் 0/35, ஏர்டெல்லின் டிஎஸ்எல் என்றால் 1/32. இன்டர்நெட் இணைப்புக்கான வான் (WAN) பக்கத்தில் இருக்கும் டைனமிக் ஐபி பதிவை முதலில் அழிச்சிடுங்க. புதுசா ஒன்று போட்டு பிபிபிஓஇ (லாகின் செய்து இணையும் முறை), எல்எல்சி (டேட்டாவைப் பொதியும் விதம்) தேர்ந்தெடுத்தால் யூசர்நேம் கட்டம் தானா வரும். @ குறிக்குப் பிறகு வருவதையும் விடாமல் முழுசா அடிக்கணும். பாதிப் பேர் சறுக்குவது இங்கேதான். நாட் (NAT, பல கருவிகள் ஒரே ஐபியில் போக) ஆன், விலான் (VLAN) ஆஃப். சேவ் செய்து ரீபூட்.

அப்புறமும் சிவப்பு என்றால் சிஸ்டம் லாகைப் பாருங்க. பிஏடிஐ (சர்வரைத் தேடி ரவுட்டர் விடும் முதல் அழைப்பு) திரும்பத் திரும்பப் போய் பதிலே வரவில்லை என்றால் பெரும்பாலும் விபிஐ/விசிஐ தப்பு. ஆத்தென்டிகேஷன் ஃபெயில்டு என்றால் எண் சரி, பாஸ்வேர்ட்தான் தப்பு.

வேளச்சேரி லைன்
மணி அடிக்கும்போது மினுக்குவதற்கு நான் சொல்றேன். அந்த எக்ஸ்டென்ஷன், போனையும் டிஎஸ்எல்லையும் பிரிக்கும் பெட்டியான ஸ்ப்ளிட்டருக்கு முன்னாடியே பிரிந்து போகுது. மணிக்கு வரும் மாறுமின்னழுத்தம் சுமார் 75 வோல்ட். ஃபில்டர் இல்லாத போன் வழியா அந்த இரைச்சல் டிஎஸ்எல் சிக்னலில் கலந்துவிடும். தெருவிலிருந்து வரும் ஒயர், சுவரில் இருக்கும் போன் இணைப்புப் பெட்டியான ரோசெட் பாக்ஸிலிருந்து நேரா ஸ்ப்ளிட்டரின் லைன் முனைக்கு வரட்டும். போன் முனையிலிருந்துதான் எல்லா போனும், மோடம் முனையில் ரவுட்டர் மட்டும்.

ரோசெட்டைத் திறக்கும்போது ஸ்க்ரூவைக் கவனியுங்க. திருவான்மியூர் கடற்காற்றுக்குச் செம்பில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். அரை அங்குலம் வெட்டி, புதுசாத் தோல் சீவி, இறுக்கி முறுக்குங்க. டேப் சுற்றின மூட்டு ஐப்பசி மழைக்கு நிற்காது.

பிறகு ஸ்டேட்டஸ் பக்கத்தில் எஸ்என்ஆர் மார்ஜின் (இரைச்சலைத் தாண்டி சிக்னலுக்கு மிச்சமிருக்கும் இடைவெளி) பாருங்க. 10 டெசிபெலுக்கு மேல் நல்லது, 6-க்குக் கீழ் போனால் அடிக்கடி அறுக்கும். அட்டென்யுவேஷன் (வழியில் சிக்னல் தேய்வது) 50 டெசிபெலைத் தாண்டினால் லைன் நீளம். ஏடிஎஸ்எல்2+ விட்டு பழைய, மெதுவான ஏடிஎஸ்எல் முறையான ஜி.டிஎம்டிக்கு மாற்றிப் பாருங்க. அவ்வளவு தூரத்தில் வேகம் பெரிசாக் குறையாது, லைன் நிற்கும்.

திருவான்மியூர் வாசி
0/35 போட்டதும் பச்சை வந்துடுச்சு. எக்ஸ்டென்ஷனை ஸ்ப்ளிட்டருக்குப் பின்னாடி மாற்றியாச்சு, இப்போ மினுக்கல் இல்லை. ஆனால் கூகுள் திறக்குது, பேங்க் சைட் சுற்றிக்கிட்டே நிக்குது.

செம்புக் கம்பி
எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) 1500-இல் இருக்கும். பிபிபிஓஇ தலைப்புக்கு 8 பைட் போவதால் 1492 போடுங்க, டிசிபி எம்எஸ்எஸ் (அதில் தலைப்பு போக டேட்டாவின் அளவு) கேட்டால் 1452. விண்டோஸில் துண்டாக்காதே என்கிற தேர்வோடு 1464 அளவுக்குப் பிங் அனுப்புங்க. 1464 போய் 1465 நின்றால் கணக்கு சரி, பிங்கின் தலைப்பு 28 பைட்டும் சேர்ந்தால் 1492.