ஷிம்மி ஓடும்போது மார்பு வட்டம் சேர்த்தால் ஷிம்மி நின்றுவிடுகிறது: எங்கே தடுக்கிறது?

கேள்வி: மாடிவீடு, வில்லாபுரம்

வணக்கம். பெல்லி டான்ஸ் இணைய வகுப்பில் கற்றுவருகிறேன். நேரில் சொல்லித்தர மதுரையில் எனக்கு ஆள் அமையவில்லை. வகுப்பில் ஆசிரியருக்கு என் போன் கேமரா வழியாகக் கழுத்து முதல் முட்டி வரைதான் தெரிகிறது, பாதம் தெரியாது. அதனால் இங்கே கேட்கிறேன்.

மார்பை மட்டும் சட்டென்று மேலே தூக்கி நிறுத்தச் சொன்னால் தோளும் கூடவே ஏறுகிறது. ஹிப் டிராப் செய்தால் இடுப்பு மட்டும் விழாமல் உடம்பே குலுங்குகிறது. ஆசிரியர் செய்யும்போது வெட்டியது மாதிரி இருக்கிறது, எனக்கு மழுங்கிப்போகிறது. ஷிம்மி, அதாவது இடுப்பை விடாமல் வேகமாக அதிரவிடுவது, தனியாக நன்றாக ஓடுகிறது, வேகமும் வருகிறது. ஆனால் அதன் மேல் மார்பு வட்டத்தைச் சேர்த்ததும் ஷிம்மி நின்றுவிடும், இல்லாவிட்டால் வட்டம் சதுரமாகிவிடும். இடுப்பு வட்டம் சேர்த்தால் இன்னும் மோசம். மறுநாள் அடிமுதுகில் வலி இருக்கிறது.

சிறுவயதில் பரதம் கற்றிருக்கிறேன். அந்தப் பழக்கம்தான் தடுக்கிறதா? பயிற்சி செய்வது மாடி வீட்டில், டைல்ஸ் தரையில். பீரோ கண்ணாடியில் இடுப்புக்கு மேல்தான் தெரியும்.

பதில்: நாணயக்கச்சை (சொந்த ஊர் திருமங்கலம், சென்னையில் சொல்லித் தருகிறேன்)

தங்கச்சி, பரதம் உங்களுக்கு எதிரி இல்லை. ஆனால் அது உடம்பில் எழுதிவைத்த இரண்டு விஷயங்களை இந்த ஆட்டத்துக்காக ஓரமாக வைக்க வேண்டும். ஒன்று, பரதத்தில் நடுவுடம்பு ஒரே பலகையாக நிற்கும். இங்கே விலாக்கூடு தனி, இடுப்புக்கூடு தனி. இரண்டாவது, அரைமண்டியில் முட்டி வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். இங்கே பாதங்கள் இரண்டும் இடுப்பகலத்தில் நேராக, முட்டி லேசாகத் தளர்ந்து, கால்விரலைப் பார்த்தபடி இருக்க வேண்டும். உங்கள் பாதம் கேமராவில் தெரியவில்லை என்கிறீர்கள். அது இன்னும் அரைமண்டிக் கோணத்தில் விரிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விரிந்திருந்தால் ஷிம்மியின் சக்தியில் பாதி அங்கேயே போய்விடும்.

மார்புக்கு ஒரு சோதனை. சுவரில் முதுகைச் சாய்த்து நில்லுங்கள், குதிகால் சுவரிலிருந்து கொஞ்சம் முன்னால் இருக்கட்டும். புட்டம், தோள்பட்டை, பின்தலை மூன்றும் சுவரைத் தொட வேண்டும். இப்போது மார்பைத் தூக்குங்கள். தோள்பட்டை சுவரில் மேல்நோக்கி உரசினால், தூக்குவது மார்பு அல்ல, கழுத்துப் பக்கத் தசை. மார்பைத் தூக்க வேண்டியது மேல்முதுகுத் தசை, அதாவது தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவிலும் கீழிலும் இருப்பது. மூச்சை இழுத்துத் தூக்கக் கூடாது. ஒன்று இரண்டு எண்ணிக்கொண்டே தூக்கினால் மூச்சுத் திருட்டு உடனே பிடிபடும்.

அப்புறம் ஒரு முக்காலியில் உட்காருங்கள். உட்கார்ந்தால் இடுப்பு ஓடிப்போக முடியாது. அந்த நிலையில் விலாக்கூட்டை வலது, இடது, முன், பின் என்று நகர்த்திப் பழகுங்கள். நின்று செய்யும்போது இருப்பதாகத் தெரியும் நீளம் பாதியாகக் குறைந்துவிடும். பயப்படாதீர்கள், உங்களுடைய உண்மையான அளவு அதுதான்.

கூர்மை பலத்தால் வருவதில்லை, நிறுத்தத்தால் வருகிறது. ஒரு அசைவு கூர்மையாகத் தெரிய வேண்டுமானால் அதற்கு முன் உடம்பு அமைதியாக இருக்க வேண்டும், போய்ச் சேர்ந்த இடத்தில் மீண்டும் துள்ளாமல் நிற்க வேண்டும். நீங்கள் மழுங்கல் என்று சொல்வது பெரும்பாலும் போய்ச் சேர்ந்த பிறகு வரும் அந்தச் சின்னத் துள்ளல்தான். ஹிப் டிராப்பில், எடை முழுவதும் நிற்கும் காலில். ஆடும் காலின் குதிகால் தூக்கி, முன்பாதம் மட்டும் தரையில். அந்த முட்டியை நீட்டும்போது இடுப்பு ஏறும், மடக்கும்போது விழும். நிற்கும் காலின் முட்டி அசையவே கூடாது. உடம்பே குலுங்குகிறது என்றால் அந்த நிற்கும் கால்தான் கூடவே மடங்குகிறது. ஒரு கையை விலாவில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். கைக்கு ஒன்றும் தெரியாத அளவுக்குச் சின்னதாகத் தொடங்கிப் பிறகு வளருங்கள்.

ஷிம்மிக்கு ஒரு கேள்வி: எந்த ஷிம்மி? முட்டியால் ஓட்டுவதா, புட்டத் தசையால் ஓட்டுவதா? அதைச் சொன்னால்தான் லேயரிங் பற்றி, அதாவது ஒரு அசைவின் மேல் இன்னொன்றைச் சேர்ப்பது பற்றிப் பேச முடியும்.

கேள்வி கேட்டவர்: மாடிவீடு

அக்கா, மிக்க நன்றி. பாதம் விரிந்துதான் இருக்கிறது. சுவரில் தோள்பட்டை உரசுகிறது. எந்த ஷிம்மி என்று யோசித்ததே இல்லை. தொட்டுப் பார்த்தேன், முட்டிதான் ஆடுகிறது, ஆனால் புட்டமும் கல் மாதிரி இறுகியிருக்கிறது.

பதில்: நாணயக்கச்சை

அப்படியானால் ஷிம்மி நிற்கும் காரணம் கிடைத்துவிட்டது. முட்டி ஷிம்மியில் வலது முட்டி நீள வலது இடுப்பு ஏறும், இடது முட்டி நீள இடது ஏறும். புட்டம் தளர்வாக இருந்து அந்த ஏற்ற இறக்கத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். இறுகினால் முட்டி தள்ளும், இடுப்பு மறுக்கும். தனியாக ஓடும்போது தொடையின் பலத்தில் சமாளித்துவிடலாம். மேலே இன்னொரு வேலை வந்ததும் சமாளிக்க முடியாது.

புட்டத்தால் ஓட்டும் ஷிம்மியும் முறையான ஒன்றுதான். அமெரிக்காவில் சுஹைலா சலிம்பூர் வகுத்த பயிற்சி முறையில் வலது, இடது புட்டத் தசைகளை மாறி மாறித் தாளத்துக்குச் சுருக்குவதே அடிப்படை. எகிப்திய பாணியில் முட்டியால் ஓட்டும் தளர்வான ஷிம்மி அதிகம். இரண்டையும் கற்கலாம், ஆனால் தனித்தனியாக. தரையில் குப்புறப் படுத்து வலப்பக்கம் மட்டும் சுருக்கி விடுங்கள், பிறகு இடப்பக்கம். தேவைப்படும்போது சுருக்கத் தெரிந்தால்தான் தேவையில்லாதபோது விடவும் தெரியும்.

பதில்: தவில்காது (மேலூர்)

எனக்கு இந்த ஆட்டம் தெரியாது. எங்கள் வீட்டில் தவில் உண்டு, தாளம் தெரியும், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். தங்கச்சி சொல்வதைப் பார்த்தால் ஷிம்மிக்குக் கணக்கே இல்லை, வெறும் நடுக்கமாக ஓடுகிறது. கணக்கில்லாத ஒன்றின் மேல் கணக்குள்ள இன்னொன்றை எப்படி வைப்பது?

பரதம் கற்றவருக்கு மூன்று காலம் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. தட்டுச் சத்தம் தரும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வையுங்கள். முதல் காலத்தில் தட்டுக்கு ஒரு முட்டி, இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. வாயில் ‘தகதிமி’ சொல்லுங்கள். வலம் த, இடம் க, வலம் தி, இடம் மி. மூன்றாம் காலம் சீராக வந்த பிறகு 65, 70 என்று ஏற்றுங்கள். வாய் சொல்வதும் முட்டி செய்வதும் பிரியும் வேகம் எதுவோ, உங்கள் எல்லை அதற்கு முந்திய வேகம்.

அரபுத் தாளத்தையும் வாயால் சொல்லலாம். மக்ஸூம் என்று ஒன்று இருக்கிறது. எட்டு அட்சரம் வைத்து ‘தும் தக் (விடு) தக் தும் (விடு) தக் (விடு)’ என்று வரும். தர்புக்கா என்ற அரபு மேளத்தின் நடுவில் அடிக்கும் கனத்த ஒலி தும், விளிம்பில் அடிக்கும் கூரிய ஒலி தக். தும் விழும் இடத்தில் இடுப்பை இறக்கிப் பாருங்கள். காத்திருக்கும் மூன்று ‘விடு’க்களில்தான் அக்கா சொன்ன நிறுத்தம் வரும்.

பதில்: நாணயக்கச்சை

அண்ணே, அருமை. இதை என் வகுப்பிலும் சொல்லப்போகிறேன். கூடவே ஒன்று: முக்கால் ஷிம்மி என்று நாங்கள் பழகுவது உங்கள் கணக்கில் ‘தகதி’ சொல்லி ‘மி’யை விழுங்குவது. வலம் இடம் வலம், ஒரு இடைவெளி. அடுத்து இடம் வலம் இடம், ஒரு இடைவெளி. நடந்துகொண்டே ஷிம்மி போட இது தோதானது, ஏனென்றால் எடை காலுக்குக் கால் தானாக மாறும்.

பதில்: ஆடிப்பழகு (கே.கே. நகர்)

நான் இதற்கு மாறாகச் சொல்வேன். எனக்கு மெதுவாகச் செய்தபோதெல்லாம் இறுக்கம்தான் கூடியது. வேகமாக, கண்டபடி உதறி, மூச்சு வாங்கும்வரை ஆடியபோதுதான் புட்டம் தானாகத் தளர்ந்தது. தளர்வு என்ன என்று உடம்புக்குத் தெரியாமல் கணக்கு மட்டும் பழகினால் மரப்பொம்மை மாதிரி ஆகிவிடும்.

பதில்: நாணயக்கச்சை

இதிலும் உண்மை இருக்கிறது. பயிற்சியின் முதலில் ஒரு பாட்டு முழுக்க உதறுங்கள், கணக்கே வேண்டாம். அந்தத் தளர்வை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு மெட்ரோனோமுக்கு வாருங்கள். ஆனால் லேயரிங்குக்குக் கணக்கு இல்லாமல் முடியாது, அதில் தவில்காது அண்ணன் பக்கம்தான் நான்.

பதில்: கரகச்செம்பு (அலங்காநல்லூர் பக்கம்)

எங்கள் குடும்பத்தில் கரகாட்டம் ஆடியவர்கள் உண்டு. ஆட்டக் கரகத்தில் செம்புக்குள் அரிசி போட்டுக் கனம் ஏற்றி, மேலே கிளி வைத்து ஆடுவோம். நையாண்டி மேளம் வேகம் பிடிக்கும்போது இடுப்பு என்ன ஆட்டம் ஆடினாலும் செம்பு அசையாது. பார்ப்பவர்கள் கழுத்தின் பலம் என்று நினைப்பார்கள். கழுத்து இறுகினால் செம்பு விழும். அதிர்வை முட்டியும் இடுப்பும் வாங்கிக்கொண்டு மேலே விடாமல் வைப்பதுதான் வித்தை. நீங்கள் கேட்கும் லேயரிங் எனக்கு அதே வேலையாகத்தான் தெரிகிறது.

தலையில் ஒரு தடித்த நோட்டை வைத்துக்கொண்டு ஷிம்மி போடுங்கள். நோட்டு குதித்தால் அதிர்வு முதுகு வழியாக ஏறுகிறது என்று அர்த்தம். முட்டியை இன்னும் கொஞ்சம் மடக்குங்கள், அசைவைச் சின்னதாக்குங்கள். நோட்டு நின்ற பிறகு மார்புக்குப் போங்கள்.

பதில்: நாணயக்கச்சை

எகிப்தில் கல்யாண ஊர்வலத்தின் முன்னால் ஷமதான் என்ற மெழுகுவத்தி விளக்குத் தாங்கியைத் தலையில் வைத்து ஆடும் வழக்கம் உண்டு, எரியும் மெழுகுவத்திகளோடு. அதைப் பழகியவர்களின் விலாக்கூடு எவ்வளவு சுதந்திரமாக இருக்கும் என்று பார்த்தால் கரகச்செம்பு சொல்வது புரியும்.

பழைய எகிப்தியப் படங்களில் தஹியா கரியோகா ஆடுவதையும் தேடிப் பாருங்கள். பதியா மசப்னி என்ற ஆட்டக் கலைஞர் 1926-இல் கெய்ரோவில் திறந்த அரங்கில் வளர்ந்தவர்களில் தஹியாவும் சாமியா கமாலும் முக்கியமானவர்கள். தஹியா அதிகம் நகர மாட்டார். நின்ற இடத்திலேயே, சின்னச் சின்ன அசைவில் பாட்டு முழுவதையும் சொல்லிவிடுவார். நம் பிள்ளைகள் இணையத்தில் வேகத்தை மட்டும் பார்த்துப் பழகுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

பதில்: முட்டிவைத்தியம் (பிசியோதெரபிஸ்ட், மதுரை)

அடிமுதுகு வலியைப் பற்றி யாரும் பேசவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். மார்பைத் தூக்கும்போது மேல்முதுகு போதுமான அளவு வளையாவிட்டால் அடிமுதுகு அந்த வேலையை எடுத்துக்கொண்டு உள்பக்கம் வளையும். புட்டத்தைப் பின்னால் தள்ளி நின்று ஷிம்மி போட்டாலும் அதே இடத்தில்தான் சுமை விழும். வால் எலும்பு தரையை நோக்கி இறங்கியிருக்கட்டும், அடிவயிறு லேசாகப் பிடித்திருக்கட்டும். முட்டியைப் பின்பக்கமாகப் பூட்டும்வரை நீட்டாதீர்கள். நேராவதற்குச் சற்று முன்னாலேயே திரும்பிவிட வேண்டும்.

டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நீண்ட நேரம் வேண்டாம், வழுக்காத மெல்லிய பாய் போடுங்கள். சித்திரை வெயிலில் மாடி அறை மதியத்தில் அடுப்பாக இருக்கும், காலையில் பழகுங்கள். தொடை எரிவதும் தசை அசதியும் இயல்பு, ஓரிரு நாளில் அடங்கும். வலி காலில் இறங்கினாலோ, மரத்துப்போனாலோ, முட்டி வீங்கினாலோ ஆட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். இணையத்தில் எழுதிக் கேட்டு அதைச் சரிசெய்ய முடியாது.

கேள்வி கேட்டவர்: மாடிவீடு

எல்லோருக்கும் நன்றி. பாதத்தை நேராக்கி, புட்டத்தை விட்டதும் வலி வெகுவாகக் குறைந்தது. தகதிமி சொல்லிக்கொண்டு மூன்றாம் காலம் 70 வரை சீராக வருகிறது. மார்பைப் பக்கவாட்டில் நகர்த்தினால் ஷிம்மி நிற்கவில்லை! ஆனால் முழு வட்டத்தில் மார்பு பின்னால் போகும் இடத்தில் மட்டும் ஒவ்வொரு முறையும் அறுந்துவிடுகிறது. வாய்ச்சொல்லும் அங்கேதான் நிற்கிறது. இடுப்பு வட்டம் இன்னும் வரவில்லை. இன்னொன்று, கீழ்வீட்டில் வீட்டுக்காரம்மா இருக்கிறார்கள், நாணயக் கச்சை கட்டினால் சத்தம் கேட்கிறது.

பதில்: நாணயக்கச்சை

சொல் நிற்கும் இடத்தில் மூச்சு நிற்கிறது. மார்பு பின்னால் போகும்போது மேல்வயிறு சுருங்க வேண்டும், ஆனால் நீங்கள் வயிறு முழுவதையும் இறுக்குகிறீர்கள். அதனால் இடுப்புக்கூடு முன்னால் மடங்கி, புட்டம் மறுபடி பிடித்துக்கொள்கிறது. வட்டத்தை விட்டுவிடுங்கள். முன், நடு, பின், நடு என்று நேர்கோட்டில் மட்டும், தட்டுக்கு ஒன்றாக, பின்னால் போகும்போது மூச்சை வெளியே விட்டபடி செய்யுங்கள். அறுபடாமல் வந்ததும் நான்கு திசைகளையும் புள்ளிகளாகத் தொடுங்கள், பிறகு மூலைகளை மழுக்குங்கள். வட்டம் அப்படித்தான் பிறக்கும். சதுரமாக வருகிறது என்று முதலில் வருத்தப்பட்டீர்களே, அந்தச் சதுரம் தேவையான படிதான்.

இடுப்பு வட்டம் கடினமாக இருப்பது நியாயம். மார்பு வட்டத்தில் காலுக்கு ஒரே வேலை. இடுப்பு வட்டத்தில் ஷிம்மி ஓட்டும் அதே கால்கள் எடையையும் சுமந்து மாற்ற வேண்டும். வட்டம் வலப்பக்கம் போகும்போது எடை முழுவதும் வலக்காலுக்குப் போனால் இடது முட்டி நீண்டு நின்றுவிடும், ஷிம்மியும் போச்சு. உள்ளங்கை அகலத்துக்குள் வட்டம் போடுங்கள். இரண்டு குதிகாலும் தரையை விடக் கூடாது, இரண்டு முட்டியும் ஒரே அளவு மடங்கியிருக்க வேண்டும். ஒரு சுற்றுக்கு எட்டுத் தட்டு எடுத்துக்கொள்ளுங்கள், ஷிம்மி 60-க்கு இறங்கட்டும்.

கச்சை வேண்டாம். பழைய தாவணியை இடுப்பில் இறுக்கிக் கட்டி, முடிச்சை வலப்பக்கம் தொங்க விடுங்கள். பீரோ கண்ணாடிக்குத் தெரியாவிட்டாலும் போனைத் தரையில் சாய்த்து வைத்து எடுத்தால் முடிச்சு எப்படி ஆடுகிறது என்று தெரியும். சீரான ஷிம்மியில் முடிச்சு ஒரே அளவில் துடிக்கும், அறுந்த இடத்தில் ஊசலாடும். அந்த வீடியோவைப் பாதம் தெரிகிற மாதிரி எடுத்து உங்கள் ஆசிரியருக்கும் அனுப்புங்கள்.