சுற்றுச்சூழலுக்காக வேலையை விட்டவர்கள் இருக்கிறீர்களா?

நண்பர்களே, வணக்கம். ஆறு வருடமாக ஒரு உற்பத்தி நிறுவனத்தில் சுற்றுச்சூழல் அறிக்கை தயாரிக்கிறேன். ஆலைப் புகைக்கும் வாங்கும் மின்சாரத்துக்கும் எப்போதும் கணக்கு உண்டு. மூலப்பொருள், போக்குவரத்து, விற்ற பொருளின் பயன்பாடு எல்லாம் சேரும் 'ஸ்கோப் 3' அட்டவணையை இந்த முறை மூன்று மாதம் உட்கார்ந்து போட்டேன். எங்கள் கார்பன் உமிழ்வில் பெரும்பகுதி அதில்தான் இருந்தது. திரும்பி வந்த பிரதியில் அந்தப் பக்கத்தின் குறுக்கே சிவப்பு மையில் ஒரே கோடு. அன்றிலிருந்து தூக்கம் சரியில்லை.

கரோலைன் டென்னெட் 11 வருடம் ஷெல் எண்ணெய் நிறுவனத்துக்குப் பாதுகாப்பு ஆலோசகராக இருந்துவிட்டு, 2022 மே மாதம் வெளிப்படையாக அறிவித்து விலகினார். எனக்கு அவ்வளவு சத்தம் வேண்டாம். ஆனால் அரைகுறைக் கணக்கில் கையெழுத்துப் போட மனம் வரவில்லை.

இப்படி விலகியவர்கள் சொல்லுங்கள்: நேர்காணலில் காரணத்தை எப்படிச் சொன்னீர்கள்? ரகசியக் காப்பு ஒப்பந்தம் போட்டிருக்கிறேன், எதுவரை பேசலாம்? அப்புறம், புதிய நிறுவனம் உண்மையிலேயே சரிதானா என்று சேரும் முன் எதை வைத்துப் பார்த்தீர்கள்? உள்ளேயே இருந்து போராடி மாற்றியவர்கள் இருந்தால் உங்கள் அனுபவம்தான் எனக்கு முதலில் வேண்டும். வீட்டுக் கடன் இருக்கிறது. சம்பளம் இல்லாமல் இரண்டு மாதத்துக்கு மேல் தாக்குப்பிடிக்க முடியாது. அடுத்த அறிக்கை வேலை அடுத்த மாதம் தொடங்குகிறது.