அரசு உதவி பெறும் பள்ளி: தனியார் கைக்குப் பணம் எந்த வழியில் போகிறது, எந்தக் காகிதத்தில் தெரியும்?

மேலூர்வாசி:
மேலூர்ப் பக்கம் ஓர் அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி. உதவி பெறும் பிரிவின் ஆசிரியர் சம்பளம் அரசுடையது. அதே வளாகத்தில் சுயநிதி ஆங்கில வழிப் பிரிவும் நடக்கிறது. ரோட்டைப் பார்த்து எட்டுக் கடைகள். லாப நோக்கமற்ற அறக்கட்டளை என்று பலகையில் இருக்கிறது. நிர்வாகக் குடும்பத்தின் சொத்து மட்டும் வருடா வருடம் கூடுகிறது. பெற்றோர் எதைக் கேட்டால் கணக்கு வெளியே வரும்? தகவல் உரிமைச் சட்டம் இங்கே செல்லுமா?

பேரேடு:
சார், சம்பள மானியத்தில் தேடாதீர்கள். அது ஆசிரியரின் வங்கிக் கணக்குக்கு நேராகப் போகிறது, தாளாளர் கை அதில் படாது. முதலில் பார்க்க வேண்டியது வாடகை. சுயநிதிப் பிரிவு நடக்கும் கட்டடம் யார் பெயரில் இருக்கிறது? தாளாளரின் மனைவி பெயரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பகுதியில் 40,000 ரூபாய் பெறக்கூடிய கட்டடத்துக்கு அறக்கட்டளை மாதம் 1,50,000 கொடுத்தால், வருடத்துக்கு 13,20,000 ரூபாய் கூடுதலாகக் குடும்பத்துக்குப் போகிறது. ரசீது, காசோலை எல்லாம் சரியாக இருக்கும். கணக்கில் அது 'லாபம்' அல்ல, 'செலவு'. பல பேர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

வருமான வரிச் சட்டத்தில் (1961 சட்டத்தில் 13ஆம் பிரிவு) இதற்காகவே விதி எழுதப்பட்டது. நிறுவனர், அறங்காவலர், அவர்களின் உறவினர் நியாயமான அளவுக்கு மேல் ஆதாயம் அடைந்தால் அந்தத் தொகைக்கு வரிவிலக்கு இல்லை. வருமான வரிக்கான தணிக்கை அறிக்கையில் இவர்களுக்குக் கொடுத்த தொகையைக் காட்டியாக வேண்டும்.

அமெரிக்காவின் சார்ட்டர் பள்ளிகளில் (அரசுப் பணத்தில் தனி நிர்வாகம் நடத்தும் பள்ளிகள்) நடக்கும் சர்ச்சையும் இதேதான். 1991இல் மின்னசோட்டாவில் முதல் சட்டம் வந்தது. பல இடங்களில் பள்ளி லாபநோக்கமற்றது, அதை நடத்தும் கம்பெனி லாபத்துக்கானது, கட்டடம் அந்தக் கம்பெனியின் உறவு நிறுவனத்துடையது. அரசுப் பணம் நிர்வாகக் கட்டணமாகவும் வாடகையாகவும் வெளியேறுகிறது. பெயர்தான் வேறு, வாய்க்கால் ஒன்று.

ஆகஸ்ட்_ஒன்று:
வாடகை சரி. என்னைக் கேட்டால் தலைக்கணக்கு அதைவிடப் பெரிய விஷயம். ஆகஸ்ட் 1 நிலவரப்படி மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் பணியிடம் நிர்ணயிக்கிறார்கள். கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்க வகுப்பில் 30 பேருக்கு ஒருவர், 6 முதல் 8 வரை 35 பேருக்கு ஒருவர். எண்ணிக்கை குறைந்தால் பணியிடம் உபரி. அதனால்தான் வராத பிள்ளையின் பெயர் பதிவேட்டில் நீடிக்கிறது. ஒஹாயோவில் 'ஈகாட்' என்ற இணையவழி சார்ட்டர் பள்ளி 2015-16இல் சுமார் 15,300 மாணவர்களுக்குப் பணம் வாங்கியது. ஏறத்தாழ 6,300 பேருக்குத்தான் ஆதாரம் இருப்பதாக மாநிலம் கண்டது. 2018 ஜனவரியில், கல்வியாண்டின் நடுவில், பள்ளியே மூடப்பட்டது. பிள்ளைகள் நடுத்தெருவில் நின்றார்கள்.

இங்கே எமிஸ் எண்ணும் (கல்வித்துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் அடையாள எண்) ஆதாரும் வந்தபின் போலிச் சேர்க்கை கடினம், முடியாதது அல்ல. வகுப்பு வருகைப் பதிவேட்டையும் அதே தேதியின் சத்துணவுப் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வீட்டிலிருந்து டப்பா கொண்டுவரும் பிள்ளைகள் இருப்பார்கள், அதனால் சிறு வித்தியாசம் இயல்பு. வருகை 42 என்றிருந்து சாப்பிட்டவர் தினமும் 19 என்றால் கேள்வி கேட்கலாம்.

அடுத்து கால அட்டவணை. அரசு சம்பளம் வாங்கும் ஆசிரியர் மூன்றாம் பாடவேளையில் சுயநிதிப் பிரிவில் நின்றால், கட்டணம் தனியாருக்கு, சம்பளச் சுமை அரசுக்கு. பணியாளர் நிர்ணய ஆணையில் உள்ள பெயர்களை அட்டவணையோடு ஒப்பிட்டாலே தெரியும். ஆய்வகம் யாருடையது, மின் இணைப்பு ஒன்றா இரண்டா என்பதையும் பாருங்கள்.

பணி நியமனத்துக்கு வாங்கும் 'நன்கொடை'க்கு ரசீது இருக்காது, அதைக் காகிதத்தில் தேடிப் பயனில்லை. காலியிடம் நிரப்பிய அனுமதி ஆணை, விளம்பரம், நேர்காணல் மதிப்பெண் பட்டியல், இவற்றின் நகலைக் கேளுங்கள். ஒரே ஆள் விண்ணப்பித்து ஒரே ஆள் தேர்வானது அதில் தெரியும்.

பத்து_ரூபாய்_வில்லை:
தகவல் உரிமைச் சட்டம் தாராளமாகச் செல்லும். அரசிடமிருந்து கணிசமான நிதி பெறும் கல்வி நிறுவனம் அச்சட்டத்துக்கு உட்பட்டது என்று டி.ஏ.வி. கல்லூரி அறக்கட்டளை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019இல் சொல்லிவிட்டது. சிறுபான்மைப் பள்ளியானால் 2014 பிரமதி தீர்ப்பின்படி கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது. தகவல் உரிமைச் சட்டத்துக்கு அந்த விலக்கு இல்லை.

மனுவைப் பள்ளிக்கு மட்டும் போடாதீர்கள், கல்வி அலுவலகத்துக்கும் சேர்த்துப் போடுங்கள். மானியக் கோப்பு அங்கேதான். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டுங்கள். 'ஏன்' என்று ஒரு கேள்வியும் வேண்டாம். 'இந்த ஆண்டின் இந்த ஆவணத்தின் நகல்' என்று மட்டும் எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

அறக்கட்டளைப் பத்திரம் பதிவு அலுவலகத்தின் 4ஆம் புத்தகத்தில் (அசையாச் சொத்து சாராத பத்திரங்களின் பதிவேடு) பதிவாகியிருந்தால் சார்பதிவாளர் உங்களுக்கு நகல் தரமாட்டார். எழுதிக்கொடுத்தவருக்கும் அதில் உரிமை கோருபவருக்கும்தான் கிடைக்கும். கட்டடக் குத்தகை அப்படியல்ல. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை கட்டாயப் பதிவு, அசையாச் சொத்துக்கான 1ஆம் புத்தகம், யாரும் பார்க்கலாம். சர்வே எண் தெரிந்தால் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள், செலவில்லை.

மேலூர்வாசி:
ரொம்ப நன்றி. கடைகளுக்கு வில்லங்கத்தில் ஒன்றுமே வரவில்லையே?

பத்து_ரூபாய்_வில்லை:
11 மாத ஒப்பந்தமாக இருக்கும். ஓராண்டுக்குள் அடங்குவதால் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளரிடம் பதிவு கட்டாயமில்லை, அதனால் வில்லங்கத்தில் வராது. நகராட்சியில் அந்தக் கதவு எண்களின் சொத்து வரி விதிப்பைக் கேளுங்கள். பள்ளிப் பயன்பாடா வணிகமா, யார் பெயரில் என்று இருக்கும். பள்ளிச் சொத்தைக் குத்தகைக்கு விடக் கல்வித்துறையின் முன் அனுமதி வேண்டும். அந்த அனுமதி ஆணையின் நகலைக் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள். 'அப்படி ஆணை எதுவும் கோப்பில் இல்லை' என்று கையெழுத்திட்டுப் பதில் வந்தால், புகார் மனுவின் முதல் இணைப்பாக அதையே வையுங்கள்.