மறு: எல்லாக் காரணிகளும் சிறியவையான எண்ணுக்குச் சொல் வேண்டும்

அன்புள்ள அனைவருக்கும்,

குறியாக்கவியல் பாடநூலின் காரணிப்படுத்தல் இயலை வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். 'ஸ்மூத் நம்பர்' மட்டும் பாக்கி. ஓர் எண்ணின் பகாக்காரணிகள் எல்லாமே நாம் வைக்கும் எல்லைக்குள் அடங்கினால் அதற்கு அந்தப் பெயர்.

நூலில் வரும் காட்டு 2⁶⁷−1, அதாவது 147573952589676412927. பகா எண் என்று 1644இல் மெர்சென் எழுதினார். அல்ல என்று 1876இல் லூக்கா நிறுவினார். காரணிகள் கிடைத்ததோ 1903இல். 193707721 × 761838257287 என்று கோல் காட்டினார். முதற்காரணியில் ஒன்றைக் கழித்துப் பாருங்கள்: 193707720 = 2³ × 3³ × 5 × 67 × 2677. எல்லாம் பொடிக் காரணிகள், அதனால் 193707720தான் இங்கே ஸ்மூத் நம்பர். ஒன்றைக் கழித்தால் இப்படிப் பொடியாகும் பகாக்காரணியைப் பிடிப்பதுதான் பொலார்டின் 1974ஆம் ஆண்டு முறை, அதனால்தான் அந்த முறையில் கணினி 193707721ஐ நொடியில் பிடித்துவிடுகிறது.

'வழுவழுப்பான எண்' போதுமா?

* * *

போதாது ஐயா. வழாநிலை, வழுவமைதி படித்த பிள்ளைகளுக்கு வழு என்றால் பிழை.

தச்சர் இழைப்பதை வைத்து 'இழைப்பெண்' என்று பார்த்தேன். புணர்ந்ததும் பெண் வந்து நிற்கிறாள். என் பரிந்துரை 'நொய்யெண்'. நொய்யரிசியின் நொய்தான், முழுவதும் உடைந்து பொடியானது. தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும் என்ற விதிப்படி யகரம் இரட்டிக்கிறது. நொய்ய, நொய்ம்மை என்று குடும்பமே இருக்கிறது. நன்னூலின் பகாப்பதத்தோடு பகா எண் எவ்வளவு அழகாகச் சேர்கிறது! இதுவும் அப்படி வேரிலிருந்து வரட்டும். '2677-நொய்யெண்' என்று எல்லையையும் முன்னால் சேர்த்துக்கொள்ளலாம்.

* * *

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். நாங்கள் குறுணல் என்போம். நொய் என்றால் என் மாணவருக்கு நோய்தான் காதில் விழும். பகா எண்ணையே எங்கள் பாடநூல் முதன்மை எண் என்கிறது. இரண்டு கரையிலும் புரிய வேண்டுமென்றால் 'சிறுகாரணி எண்' போதும். அகராதியைத் தேட வைக்கும் சொல் வகுப்பில் நிற்காது.

* * *

புரியும், ஆனால் தவறாகப் புரியும். 2 × 761838257287 என்ற எண்ணுக்கும் சிறுகாரணி உண்டே! இரண்டால் வகுபடும் எண் எல்லாம் உள்ளே வந்துவிடும். ஒரு காரணிகூட எல்லையைத் தாண்டக்கூடாது என்பதல்லவா வரையறை? நொய்யில் அந்த 'எல்லாம்' இருக்கிறது.

* * *

நண்பர்களே, நேரமில்லை. சிறுகாரணி எண் இரண்டு கரையிலும் புரியும் என்பதால் அதையே வைத்து, வரையறையில் 'எல்லாப் பகாக்காரணிகளும்' என்பதைத் தடித்த எழுத்தில் போடுகிறேன்.

* * *

சரி, அச்சுக்குப் போகட்டும். ஆனால் வரையறையைத் தடித்த எழுத்தில் போடவேண்டியிருக்கிறது என்றால் சொல்லில் குறை இருக்கிறது. அப்புறம், அடுத்த இயலில் 'ரஃப் நம்பர்' வருகிறதே, எல்லாக் காரணிகளும் பெரியவையாக இருப்பது. அதைப் பெருங்காரணி எண் என்றால் இதே சிக்கல் திரும்பவும் வரும். நான் வகுப்பில் நொய்யெண் என்றே சொல்லப்போகிறேன்.